கைக்கெட்டியது வாய்க்கெட்ட வேண்டும்

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது நம் மக்களின் நாவில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. வரவேண்டியது வந்தும் பயன்படாது போன அவலத்தைச் சொல்வதற்கு அதனை எடுத்தாளுகிறோம். ஆனால், அப்பழமொழியைச் சொல்லுக்குச் சொல் உடம்பிலே அனுபவிக்கும் மனிதரும் நம்மிடையே உளர். தாக்கத்தி வெட்டினாலோ, கண்ணாடித் துண்டினாலோ, மோட்டார் சைக்கிள் விபத்தினாலோ கையின் நரம்பு அறுந்து, அரசாங்க வைத்தியசாலையிலே ஒரு சதமும் செலவின்றி அது தைக்கப்பட்டு, நன்றியோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். ஓராண்டு கழித்துப் பாருங்கள். தழும்பு ஆறியிருக்கும், தையல் அழகாக இருக்கும். ஆனால், விரல்கள் பருந்தின் நகம்போல் வளைந்து, உள்ளங்கை வற்றி, ஒரு கவளம் சோற்றைத் திரட்டி வாய்க்குக் கொண்டுபோகவும் அந்தக் கை உதவாது.

குற்றம் யாருடையது? கத்தி பிடித்த வைத்தியருடையதன்று, நோயாளியுடையதுமன்று. சத்திரசிகிச்சை முடிந்த நாளோடு வைத்தியமும் முடிந்துவிட்டது என்று எண்ணும் நமது பொதுச் சிந்தையே குற்றவாளி. நரம்பைத் தைப்பது வைத்தியத்தின் முதற்பாதி. அந்தக் கையை மீண்டும் கையாக்குவது மறுபாதி. முதற்பாதியை இலவசமாக வழங்கும் அரசு, மறுபாதியை நோயாளியின் தலைவிதிக்கு விட்டுவிடுவது எவ்வகையில் நியாயம்? இக்கேள்வியைக் கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள நம் கரையோர மக்களின் பெயரால் எழுப்ப விரும்புகிறோம்.

இக்கரையோரம் கைகளால் வாழும் நாடு. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் வட்டைகளில் இறங்கி வேளாண்மை செய்பவன் கையை நம்பி வாழ்கிறான். மருதமுனையிலே தறியில் அமர்ந்து சாரமும் சேலையும் நெய்பவர் விரல்களை நம்பி வாழ்கிறார். சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் திருக்கோவிலிலும் கடலுக்குச் செல்பவன் வலையை இழுக்கும் பிடியை நம்பி வாழ்கிறான். அலுவலகத்திற் பேனை பிடிப்பவருக்கு ஒரு விரல் மரத்துப் போனால் எழுத்துக் கோணும். உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் கை போனால் குடும்பமே கோணும். உழவன் கை மடங்கினால் ஊரே மடங்கும் என்பதை இங்குள்ள போடியாரும் அறிவார், கூலிக்காரனும் அறிவார்.

அறுந்த நரம்பு எவ்வாறு உயிர் பெறுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அதை விளங்கினால்தான் மறுபாதி வைத்தியத்தின் அவசியம் புரியும்.

கைக்குள் ஓடும் பெரிய நரம்புகள் மூன்று. ஒன்று அறுந்தால் மணிக்கட்டுத் தொங்கிவிடும். மற்றொன்று அறுந்தால் பெருவிரல் ஏனைய விரல்களை எதிர்த்துப் பிடிக்கமாட்டாது; விரல் நுனிகளும் மரத்துப்போகும். மூன்றாவது அறுந்தால் மோதிர விரலும் சிறுவிரலும் கொக்கிபோல் வளையும். அறுந்த முனைகளைச் சத்திரசிகிச்சை நிபுணர் உருப்பெருக்கியின் உதவியோடு, தலைமயிரிலும் மெல்லிய நூலாலே இணைக்கிறார். இணைத்ததும் உணர்ச்சி பாய்ந்துவிடுமா? இல்லை. வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பாலுள்ள நரம்பிழைகள் அழிந்துபோகின்றன. அவற்றின் உறைகள் மாத்திரம் எஞ்சியிருக்கும். அவ்வுறைகளுக்குள்ளே புதிய இழைகள் மேலிருந்து கீழ்நோக்கி வளர்ந்து வரவேண்டும். அவை வளரும் வேகம் சராசரி நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் மாத்திரமே.

கமக்காரருக்கு இதைக் கணக்கிட்டுச் சொன்னால் உடனே விளங்கும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டவருக்கு உள்ளங்கைத் தசையை எட்ட நரம்பு 10 சென்ரிமீற்றர் வளரவேண்டுமெனில், 100 நாட்கள். முழங்கையில் வெட்டுப்பட்டவருக்கு 30 சென்ரிமீற்றர் எனில், 300 நாட்கள். தொடக்கத்தில் சில வாரங்கள் வளர்ச்சியே இராது, அதனையும் கூட்டிக்கொள்ளுங்கள். நரம்பை இழந்த தசையோ எல்லையின்றிக் காத்திருக்கமாட்டாது. ஏறக்குறைய ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் நரம்பு வந்து சேராவிடின், தசை நாராக இறுகி மீளாத நிலையை அடைந்துவிடும். எனவே, வளர்ந்து வரும் நரம்புக்கும் வற்றிக்கொண்டிருக்கும் தசைக்கும் இடையே ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கின்றது.

இந்தப் பந்தயத்தைச் சேனாநாயக்க சமுத்திரத்தின் மதகு திறந்த நாளுக்கு ஒப்பிடலாம். மதகைத் திறந்தவுடன் கடைக்கோடி வட்டைக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை. வாய்க்கால் வழியாக அது மெல்ல வரவேண்டும். அதுவரை கமக்காரன் கைகட்டி இருக்கிறானா? வாய்க்காலைத் துப்புரவாக்குகிறான்; வரம்பைக் கட்டுகிறான்; புல்லைச் செதுக்குகிறான். தண்ணீர் வரும் நாளிலே வயல் பாழாய்க் கிடந்தால் வந்த தண்ணீரால் யாது பயன்? கையும் அப்படியே. நரம்பு வந்து சேரும் வரையில் மூட்டுகள் இறுகாமல், விரல்கள் வளையாமல், தோல் சுருங்காமல் கையை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். தாங்குகட்டை அணிந்து விரல்களை நேராக வைத்திருப்பதும், பிறர் கையாலோ மறுகையாலோ ஒவ்வொரு மூட்டையும் நாள்தோறும் அசைப்பதும், மரத்த விரல் சுடுசட்டியிலும் பீடி நெருப்பிலும் வெந்துபோகாமற் காப்பதும் அந்தப் பராமரிப்பில் அடங்கும்.

நரம்பு வந்து சேர்ந்த பின்னரும் வேலை முடிந்ததன்று. புதிய இழைகள் பழைய இடத்துக்கே சரியாகப் போய்ச் சேருவதில்லை. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதாக மூளைக்குச் செய்தி போகலாம். கண்ணை மூடிக்கொண்டு மணலையும் பஞ்சையும் நாணயத்தையும் தடவித் தடவி, மூளைக்குப் புதிய அரிச்சுவடி கற்பிக்க வேண்டும். தோள்பட்டைக்கு அருகே நரம்புக் கொத்துப் பிய்ந்துபோன மோட்டார் சைக்கிள் விபத்துக்காரரின் நிலை இன்னும் வியப்பானது. நரம்பு அவ்வளவு தொலைவுக்கு வளர்ந்து வரும் வரை தசை பொறுக்காதென்பதால், அருகிலே நன்றாயுள்ள மற்றொரு நரம்பின் ஒரு கிளையை எடுத்துத் தசையோடு இணைக்கும் முறை இப்போது உலகெங்கும் கையாளப்படுகிறது. கைவிரல்களுக்குரிய நரம்பிலிருந்து சிறு பகுதியைப் பிரித்து முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுக்கும் முறையை, பிரெஞ்சு நாட்டு வைத்தியர் ஒபர்லின் 1994 இல் வெளியிட்டார். அத்தகைய சிகிச்சை பெற்றவர் முழங்கையை மடக்க விரும்பினால், தொடக்கத்தில் முஷ்டியைப் பிடிப்பதாக நினைக்க வேண்டும்! முஷ்டியை நினைத்து முழங்கையை மடக்கும் இந்தப் புதுக்கல்வியை யார் கற்பிப்பது? ஒரு நாளிற் கற்பித்து முடிக்கக்கூடிய பாடமா அது?

இனி, நம் கரையோரத்து நோயாளி ஒருவரின் ஓராண்டைக் கற்பனை செய்து பார்ப்போம். பெயர் வேண்டாம், அவரைப் போன்றோர் பலர். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ சத்திரசிகிச்சை முடிகிறது. மூன்று வாரம் கட்டோடு இருக்கிறார். கட்டு அவிழ்த்ததும், "பயிற்சி செய்யுங்கள், மாதம் ஒருமுறை வாருங்கள்" என்கிறார்கள். கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையே முந்நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்புக்குத் தெற்கே புகையிரதப் பாதை இல்லை. ஒருநாள் பயிற்சிக்கு இரண்டு இரவுகளைப் பேருந்திலே கழிக்க வேண்டும். துணைக்கு வரும் மனைவிக்கும் கூலி நட்டம். அங்கு போய்ச் சேர்ந்தாலும், முறிவும் பக்கவாதமும் முதுகுவலியும் நிறைந்த வரிசையிலே அவருக்குக் கிடைப்பது சில நிமிடம். சொல்லும் புத்திமதி அவர் தாய்மொழியிலே இல்லாவிட்டால் அதுவும் அரைகுறை. இரண்டு முறை போவார். மூன்றாம் முறை விதைப்புக் காலம் வந்துவிடும். கை மடங்கத் தொடங்கும். "விதி" என்று பெயரிட்டுவிடுவார்கள். விதியன்று, நம் ஏற்பாட்டிலுள்ள ஓட்டையே அது.

இந்த ஓட்டையை அடைக்க முடியாதா? முடியும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று இருக்கிறது. கொல்லிமலையிலே 1914 இல் பிறந்த ஆங்கிலேயர் போல் பிராண்ட், இளமையிலே கட்டட வேலையும் தச்சும் கற்றவர், பின்னர் வைத்தியரானார். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலே 1940களின் பிற்பகுதியில், தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன கைகளைக் கண்டார். நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாமல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். வலுவுள்ள தசைநாணை இடம் மாற்றிச் செயலிழந்த விரலுக்கு இணைத்தார். அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. இடம் மாறிய தசைக்குப் புதுத் தொழிலைக் கற்பிக்கப் பயிற்சியாளரை வைத்தார். நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை ஏற்படுத்தி, திருந்திய கைகளுக்கு மரவேலை பழக்கினார். மரப்பொம்மை செய்த விரல்கள் மறுபடி வாழ்வைச் செய்தன.

அவ்வழியிலே வந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954 இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அவுஸ்திரேலியாவிலும் நியூயோர்க்கிலும் புனர்வாழ்வு வைத்தியம் பயின்று திரும்பினார். வேலூரிலே அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966 இல் அங்கு புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. கத்தியோடு வைத்தியம் முடிவதில்லை என்ற உண்மையை, தம் உடம்பையே சாட்சியாக வைத்து நாட்டுக்குச் சொன்னவர் அவர்.

இது நமக்குத் தொலைவான கதையன்று. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்திருந்த காலத்தை நம் முதியோர் அறிவர். இலங்கையிலே இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாக அந்நோய்க்கு ஆளாவதாகக் கண்டறியப்படுகின்றனர். கிழக்கும் அதற்கு விலக்கன்று. மருந்து இலவசம், நோய் குணமாகிறது. குணமான பின்னும் மடங்கிய விரல் நிமிர்வதில்லை. ஆகவே, கைப் புனர்வாழ்வு என்பது விபத்துக்காரர் சிலருக்கு மாத்திரம் வேண்டிய ஆடம்பரமன்று. வெட்டுக்காயக்காரர், தொழுநோயிலிருந்து மீண்டவர், போரிலே சன்னம் பட்டவர், பக்கவாதத்தால் கை சோர்ந்தவர் ஆகிய எல்லோருக்கும் பொதுவான தேவை அது.

அந்த வேலூரிலிருந்தே இன்று ஒரு புதிய செய்தி வந்திருக்கிறது. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் உயிரியற் பொறியியல் துறையைச் சேர்ந்த சிவகுமார் பாலசுப்ரமணியனும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சுஜாதா சீனிவாசனும், அவர்களுடைய குழுவினரும் சேர்ந்து கைப் பயிற்சிக்கென ஒரு ரோபோவை உருவாக்கியிருக்கின்றனர். 'புளூட்டோ' என்பது அதன் பெயர். அதைப் பற்றிய ஆய்வுரை 2021 இல் வெளிவந்தது. ரோபோ என்றதும் சினிமாவிலே வரும் இரும்பு மனிதனை எண்ணிவிட வேண்டாம். மேசைமேல் வைக்கத்தக்க ஒரு பெட்டி. உள்ளே ஒரே ஒரு மோட்டார். அதிலே பலவகைக் கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ஒரு கைப்பிடி மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தும். மற்றொன்று பக்கவாட்டில் அசைக்கும். இன்னொன்று முன்கையைப் புரட்டும். வேறொன்று விரல்களை விரித்து மூடும். எதிரே உள்ள கணினித் திரையிலே ஒரு விளையாட்டு ஓடும். கையின் அசைவுதான் விளையாட்டை நடத்தும்.

இவ்வகை இயந்திரம் செய்யும் வேலை மூன்று. அசைக்க வலுவற்ற கையை அது தானே அசைத்துக் கொடுக்கும். சிறிது வலு வந்த கைக்கு, தேவையான அளவு மட்டும் துணைநிற்கும். நோயாளி தாமாக முயலும் அளவுக்குத் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளும். வலுப்பெற்ற கைக்கு எதிர்விசை கொடுத்து மேலும் உரமேற்றும். இவை எல்லாவற்றையும் அளந்து எழுதியும் வைக்கும். நேற்று விரல் எத்தனை பாகை விரிந்தது, இன்று எத்தனை, எத்தனை முறை முயன்றார் என்பதெல்லாம் கணக்கிலே நிற்கும். மனிதப் பயிற்சியாளர் ஐம்பது முறை அசைத்தால் களைத்துப் போவார். இயந்திரம் ஐந்நூறாவது முறையும் முதல்முறை போலவே அசைக்கும். பெரிய வைத்தியசாலைகளுக்கு மாத்திரமன்றிச் சிற்றூர் நிலையங்களுக்கும் வீட்டுக்கும் ஏற்றதாகவே அதை அமைத்திருக்கிறார்கள் என்பது நமக்கு முக்கியம். மேனாட்டிலிருந்து பெரும் பணம் கொடுத்து இறக்கும் பொறிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்த காலம் போய், தமிழ்நாட்டுப் பொறியியலாளரும் வைத்தியரும் சேர்ந்து நம்போன்ற ஊர்களை மனத்திற்கொண்டு ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின், இயந்திரத்தை வாங்கி வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லப்போவதாக வாசகர் எண்ணலாம். அவ்வாறு சொல்வது மக்களை ஏமாற்றுவதாகும். உண்மையை உள்ளவாறு சொல்லவேண்டும்.

முதலாவதாக, எந்த இயந்திரமும் நரம்பை விரைவாக வளரச் செய்வதில்லை. நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் என்ற இயற்கையின் கணக்கை அதனால் மாற்றமுடியாது. தண்ணீர் வரும்வரை வயலைக் காப்பதும், வந்தபின் பயிரை வளர்ப்பதுமே அதன் பணி. இரண்டாவதாக, இத்தகைய இயந்திரங்கள் பெரும்பாலும் பக்கவாத நோயாளரிடமே பரீட்சிக்கப்பட்டவை. நரம்புச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய கைகளில் அவற்றின் பயன் குறித்துக் கிடைக்கும் சான்று இன்னும் குறைவு. மூன்றாவதாக, பக்கவாதத்திலும்கூட முடிவுகள் நிதானத்தையே போதிக்கின்றன. பிரித்தானியாவிலே 770 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட பெரிய பரிசோதனையொன்றின் முடிவு 2019 இல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையைவிட ரோபோப் பயிற்சி கையின் செயற்பாட்டை மேம்படுத்தவில்லை என்பதே அதன் தீர்ப்பு. நான்காவதாக, மரத்துப்போன தோல் வலியை அறியாது. இறுகிய மூட்டை மோட்டார் வலிந்து அசைத்தாலும், கைப்பிடி தோலை உராய்ந்து புண்ணாக்கினாலும் நோயாளிக்குத் தெரியாது. தையலிட்ட நரம்பைக் காலத்துக்கு முன் இழுத்தால் தையலே அறுந்துவிடும். அருகே அறிந்தவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.

உழவு இயந்திரம் வந்தது. மாட்டின் வேலை குறைந்தது. ஆனால், எப்போது உழுவது, எந்த ஈரத்தில் விதைப்பது என்பதை உழவு இயந்திரம் அறியுமா? அதை அறிந்த கமக்காரன் இல்லாத வயலிலே அது வெறும் இரும்பு. இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இல்லாத வைத்தியசாலையிலே ரோபோவும் வெறும் இரும்பே. திறப்பு விழாவுக்கு நாடா வெட்டி, புகைப்படம் எடுத்து, பின்னர் துணி போர்த்து மூலையில் வைத்துவிடும் இயந்திரங்களின் வரிசையில் இன்னொன்றைச் சேர்க்க நாம் கேட்கவில்லை.

அவ்வாறாயின் நாம் கேட்பது யாது?

முதலில் ஆட்கள். கைச்சிகிச்சையிலே சிறப்புப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இக்கரையோரத்துக்கு நியமிக்கப்பட வேண்டும். அவர்கள் நோயாளியின் மொழியிலே பேசக்கூடியவராயிருக்க வேண்டும். "மடக்கு, பொறு, மெல்ல விடு" என்ற மூன்று சொற்களிலே நடக்கும் வைத்தியம் இது. அந்த மூன்று சொல்லும் விளங்காவிடின் வைத்தியமே இல்லை. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றென்று அரசியலமைப்பிலே எழுதியிருப்பது, நோயாளியின் விரல் நுனிவரை வந்து சேரட்டும்.

இரண்டாவது, பதிவு. எந்த வைத்தியசாலையில் நரம்புச் சிகிச்சை நடந்தாலும், நோயாளி ஊர் திரும்பும் நாளிலேயே அவருடைய பெயர் ஊருக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு அறிவிக்கப்பட வேண்டும். நரம்பு எங்கே அறுந்தது, எந்த நாளில் தைக்கப்பட்டது, எந்த மாதத்தில் எந்தத் தசையை எட்டவேண்டும் என்பன ஓர் அட்டையில் எழுதப்படவேண்டும். தடுப்பூசிக்குக் குழந்தையின் வீட்டைத் தேடிப்போகும் நம் குடும்பநல உத்தியோகத்தரின் பெருமையை உலகே புகழ்கிறது. அதே ஒழுங்கு இங்கும் ஏன் கூடாது? இதற்கு ரோபோ வேண்டாம். ஒரு கொப்பியும் ஒரு தொலைபேசியும் போதும்.

மூன்றாவது, இடம். இங்கேதான் நாம் மனந்திறந்து ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. கல்முனை என்ற ஒரே நகரத்திலே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு கருவி கிடைத்தால் மற்றொன்றுக்கும் வேண்டும் என்ற குரல் எழும்புவது நமக்குப் பழகிப்போன சங்கதி. எல்லைகளையும் பிரதேச செயலகத்தையும் குறித்து இரு சமூகங்களுக்கிடையே உள்ள வழக்குகள் பேசித் தீர்க்கப்படட்டும். அவற்றைச் சிறியன என்று நாம் சொல்லவில்லை. ஆனால், மடங்கிய கை எந்தச் செயலகப் பிரிவுக்கு உரியது என்று நரம்பு கேட்பதில்லை. பயிற்சி பெற்ற ஆட்கள் அரிதாயிருக்கும்போது அவர்களை இரண்டாகப் பிரித்தால் இரண்டிடத்திலும் அரைகுறையே எஞ்சும். ஆகவே, இரு வைத்தியசாலைகளுக்கும் பொதுவாக, ஒரே குழுவைக் கொண்ட ஒரே கைப் புனர்வாழ்வுப் பிரிவு அமையட்டும். நாட்களைப் பகிர்ந்துகொள்ளட்டும். அக்குழு வாரம் ஒருமுறை சம்மாந்துறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் செல்லட்டும். மேசையில் வைக்கத்தக்க இயந்திரம் வண்டியில் ஏறவும் தயங்காது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையோரத்தார் யார் பிள்ளை என்று பாராமல் ஒருவரை ஒருவர் தூக்கி எடுத்தோம். அன்று தூக்கிய கைகள் இன்று ஒரு மேசையைச் சுற்றி அமரமாட்டாவா?

நான்காவது, அறிவு. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலே இருக்கிறது. அதற்குப் பொறியியற் பீடம் உண்டு. மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் இருக்கிறது. வேலூரிலே வைத்தியரும் சென்னையிலே பொறியியலாளரும் சேர்ந்ததனாலன்றோ அந்த இயந்திரம் பிறந்தது? மட்டக்களப்பும் ஒலுவிலும் ஏன் சேரக்கூடாது? இயந்திரத்தை வரவழைத்தால் அதைப் பழுதுபார்க்கவும், உதிரிப் பாகம் செய்யவும், திரையில் ஓடும் விளையாட்டை வள்ளமாகவும் வயலாகவும் தறியாகவும் மாற்றி அமைக்கவும் நம் மாணவர் கற்கட்டும். நரம்புச் சிகிச்சைக்குப் பின் இது எவ்வளவு பயன்படும் என்பதற்குச் சான்று குறைவென்றோம். அந்தச் சான்றைத் தேடித் தரும் பெருமையை நம் வைத்தியரே பெறலாமே!

ஐந்தாவது, சோறு. ஒரு போகம் முழுவதும் பயிற்சிக்குப் போகும் கூலிக்காரன் எதை உண்பான்? வெள்ளத்தால் பயிர் அழிந்தால் கமநலக் காப்புறுதிச் சபை நட்டஈடு கொடுக்கிறது. பயிரை விதைத்த கை அழிந்தால் கணக்கெடுக்க வேண்டாமா? சிகிச்சைக் காலத்துக்குரிய படியும் பேருந்துக் கட்டணமும் வழங்கும் வழியை அரசு காணவேண்டும். அரசு காணும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் கோயிற் பரிபாலன சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் நெசவாளர் சங்கங்களும் மனம்வைத்தால், ஊருக்கு இரண்டு மூன்று நோயாளரின் பயணச் செலவு பெரும் சுமையாகாது.

"மருந்துக்கே பஞ்சம், வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போகிறார்கள், இந்த நேரத்திலே ரோபோவா?" என்று கேட்போர் உளர். கேள்வி நேர்மையானது. 2022 இன் நெருக்கடியிலே மாத்திரைக்கும் அலைந்த மக்கள் அப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு. ஆனால், நாம் சொன்ன வரிசையை அவர்கள் மறுபடி பார்க்கட்டும். ஆட்களும் அட்டையும் முதலில். இயந்திரம் அவர்கள் கையில் ஒரு கருவியாகப் பின்னரே. அதுவுமன்றி, பல மணிநேரம் நின்று செய்த சத்திரசிகிச்சையை ஓராண்டு கவனிப்பின்றிப் பாழாக்குவதைவிடப் பெரிய வீண்செலவு ஏது? வறிய நாடென்பதற்காகவே நாம் தைத்த நரம்பை வீணாக்கக் கூடாது.

சுகாதாரம் மாகாணங்களுக்கும் பகிரப்பட்ட விடயம். ஆனால், கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்த பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேட்பதற்கு ஆளில்லாத சபையின் பெயரால் கேட்காமல் இருந்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றக் கூடாது. பாராளுமன்றத்திலே இக்கரையோரத்தின் வாக்கைப் பெற்றுச் சென்றவர்கள், எச்சமூகத்தவராயினும், இதை ஒரே குரலில் கேட்கவேண்டும். வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுக்கவேண்டும். கமக்காரர் அமைப்புகள் தங்கள் கூட்டங்களிலே தீர்மானம் நிறைவேற்றி அனுப்பவேண்டும்.

தேர்தற் காலத்திலே நம் கைகளைத் தேடி வருபவர் பலர். விரலிலே மை பூசுவதற்கு அவை வேண்டியிருக்கின்றன. அந்த விரல் மடங்கிக் கிடக்கும்போதும் தேடி வருபவர் யார் என்பதை நாம் பார்த்துக்கொண்டிருப்போம். நரம்பு நாளுக்கு 1 மில்லிமீற்றராவது முன்னேறுகிறது. நம் ஆட்சியாளரும் அந்த வேகத்திலேனும் நகரட்டும்.